நீலமாக இல்லாத நதி

டான்யூப் நதி நீல நிறமல்ல. அதன் கரையில் வசிப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பனி உருகி வரும் நாட்களில் களிமண் மஞ்சளாக ஓடும். பெருமழை பெய்தால் பழுப்பு. மற்ற நாட்களில் பச்சையில் எத்தனை சாயல் உண்டோ அத்தனையும் பார்க்கலாம். ஜெர்மனியின் கருங்காட்டில் பிறந்து, ஏறக்குறைய 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் போய் விழுகிற அந்த நதிக்கு, வானம் தெளிந்திருக்கும்போது கொஞ்ச நேரம் நீலம் இரவல் கிடைக்கலாம். ஆனாலும் உலகம் அதை நீல டான்யூப் என்றுதான் அழைக்கிறது. ஒரு நடன இசை செய்த வேலை அது. வியன்னா நகரத்து ஜோஹான் ஸ்ட்ராஸ் 1867-ல் அரங்கேற்றிய 'அழகிய நீல டான்யூப் நதிக்கரையில்' என்ற வால்ட்ஸை வாசிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் ஒரு நதியின் நிறத்தையே மாற்றிவிட்டது.

பெயரையாவது அவர் ஆற்றைப் பார்த்து வைத்தாரா என்றால் அதுவும் இல்லை. ஹங்கேரியில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய கார்ல் பெக் என்ற கவியின் சொற்றொடர் அது. கவி நினைத்துப் பாடியது வியன்னாவை அல்ல. தாம் பிறந்த பாயா என்ற ஊரை. வியன்னாவில் அந்த நாளில் டான்யூப் நகரத்துக்கு வெளியே, பல கிளைகளாகப் பிரிந்து, மேடும் சதுப்புமாகக் கிடந்தது. ஜனங்கள் தினம் பார்த்தது அதிலிருந்து பிரிந்து வரும் கால்வாயைத்தான். 1862-ல் ஊருக்குள் வெள்ளம் புகுந்து பெரும் சேதம் செய்த பிறகு, 1870 முதல் 1875 வரை புது வழி வெட்டி ஆற்றை அடக்கினார்கள். வால்ட்ஸ் பிறந்தபோது அந்த நதி இன்னும் அடங்காத நதி.

பெயர் இரவல், நிறம் தப்பு, இடமும் தப்பு. அப்படியானால் இந்த இசையில் நதி எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை என்பார்கள் சங்கீதம் அறிந்தவர்கள் என்று பெயர் வாங்கிய ஒரு சாரார். வெறும் மெல்லிசை, சர்க்கரைப் பொம்மை, விருந்து முடிந்து எழுந்து ஆடுகிறவர்களுக்காகச் செய்த சரக்கு, இதில் ஆழம் தேடுவது வீண் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்தக் கட்சியோடு சண்டை உண்டு. அதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. பத்திரிகைக்குத் தவணை வைத்துக் கதை எழுதுகிறவன் நான். ஜனங்கள் விரும்பிக் கேட்டதை, கேட்ட தேதிக்குள் செய்து கொடுத்தால் அது கலையாகுமா என்ற கேள்வி ஸ்ட்ராஸோடு நிற்பதில்லை. என் மேஜைக்கும் வருகிறது.

அவருடைய தொழில் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். மாரிக்காலத்துத் திருவிழா நாட்களில் வியன்னாவில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு நடன விருந்து. வக்கீல்களுக்கு ஒன்று, வைத்தியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. ஒவ்வொருவருக்கும் தங்கள் பெயரில் புது வால்ட்ஸ் வேண்டும். எஞ்சினியரிங் மாணவர்களின் விருந்துக்கு 1860-ல் அவர் எழுதிக் கொடுத்த வால்ட்ஸின் பெயர் 'வேகப் பெருக்கம்'. பத்திரிகைக்காரர்களுக்கு 1864-ல் எழுதியது 'காலைப் பத்திரிகைகள்'. பெயரிலேயே வாடிக்கைக்காரர் தெரிகிறார்! 'நீல டான்யூப்'பின் வரிசை எண் 314. அப்போது அவருக்கு வயது 41. வேண்டும்போது எழுதி, ஆடி முடித்து, அடுத்ததற்குப் போய்விடுகிற தொழில் அது. அந்தக் குடும்பத்து வாத்திய கோஷ்டியின் இசைப்பிரதிகளை, கடைசித் தம்பி எட்வர்ட் 1907-ல் சூளையில் போட்டு எரித்தார் என்பது சரித்திரம். பல வருஷ உழைப்பு புகையாகப் போயிற்று.

இப்படிப்பட்ட தொழிலில் 314-வது உருப்படி மாத்திரம் ஏன் நின்றது?

முதலில் குடும்பத்தைப் பார்க்கலாம். ஸ்ட்ராஸின் தாத்தா வியன்னாவில் கால்வாய்க் கரையை ஒட்டிய லியோபோல்ட்ஸ்டாட் பகுதியில் மதுக்கடை வைத்திருந்தார். ஆற்றின் மேல்பகுதியில் லின்ஸ் நகரத்துப் பக்கமிருந்து சரக்குப் படகுகள் வரும். அவற்றோடு பிடில்காரர்களும் வருவார்கள். கிராமத்தார் ஆடுகிற மூன்று தட்டு நடனங்களை அவர்கள் கரையோரக் கடைகளில் வாசித்துக் காசு வாங்குவார்கள். அந்த நாட்டு நடனங்களே நகரத்தில் மெருகேறி வால்ட்ஸ் ஆயின. ஆக, வால்ட்ஸ் வியன்னாவுக்கு வந்த வழிகளில் ஒன்று டான்யூப் நதிதான். அதே தாத்தா 1816-ல் அந்த நதியில் மூழ்கி இறந்துபோனார். தவறி விழுந்தாரா, தாமே விழுந்தாரா என்பது தெரியவில்லை. அவருடைய மகனுக்கு, அதாவது நம் ஸ்ட்ராஸின் தகப்பனாருக்கு, அப்போது பன்னிரண்டு வயது.

அந்தப் பையன்தான் வளர்ந்து வியன்னாவின் முதல் வால்ட்ஸ் ராஜா ஆனார். அவருடைய பெயரும் ஜோஹான் ஸ்ட்ராஸ்தான். தம் பிள்ளை சங்கீதத்துக்கு வரக்கூடாது, பாங்கி உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பிறகு வேறொரு பெண்ணோடு குடும்பம் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். தாயாரின் ஆதரவில் பிள்ளை 1844 அக்டோபரில், பத்தொன்பது வயது முடிவதற்குப் பத்து நாள் முன்பு, சொந்த வாத்திய கோஷ்டியோடு மேடை ஏறினார். அப்பாவுக்குப் போட்டியாகப் பிள்ளை என்று ஊரே திரண்டு வந்தது. தம் உருப்படிகளையெல்லாம் வாசித்துவிட்டு, கடைசியில் தகப்பனாரின் வால்ட்ஸ் ஒன்றை எடுத்தார் பிள்ளை. அது ரைன் நதியையும் அதன் கரையில் பாடி மயக்கும் லோரெலை என்ற மோகினியையும் பற்றியது. எந்த நாவலாசிரியனும் இதைவிட நல்ல கட்டம் எழுதிவிட முடியாது. பிள்ளையின் முதல் இரவை முடித்துவைத்தது அப்பாவின் நதி.

இனி 1867-க்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி கோனிக்ரேட்ஸ் என்ற இடத்தில் பிரஷ்யப் படை ஆஸ்திரியப் படையை நொறுக்கியது. இறந்தவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர் என்று ஒரே நாளில் ஆஸ்திரியத் தரப்புக்கு நாற்பதாயிரம் பேருக்கு மேல் நஷ்டம். ஜெர்மானிய உலகத்தின் தலைமை போயிற்று. அடுத்து வந்த திருவிழாக் காலத்தில் ஆடுவதற்கு யாருக்கு மனசு வரும்? அந்த நேரத்தில்தான் வியன்னா ஆடவர் பாடல் சங்கம் ஸ்ட்ராஸிடம் கேட்டு வாங்கியிருந்த வால்ட்ஸ் மேடைக்கு வந்தது. பாட்டு எழுதியவர் ஜோசப் வைல். போலீஸ் இலாகாவில் குமாஸ்தா. வேடிக்கைப் பாட்டு எழுதுவதில் சமர்த்தர். ஆற்றைப் பற்றி அவர் எழுதவில்லை. வியன்னாக்காரர்களே, சந்தோஷமாக இருங்கள் என்று ஒரு கோஷ்டி சொல்ல, எதற்காக என்று மறு கோஷ்டி கேட்பதுபோல் நையாண்டியாக எழுதிக் கொடுத்தார்.

1867 பிப்ரவரி 15-ஆம் தேதி அரங்கேற்றம். இடம் டயானா ஸ்நான மண்டபம். கோடையில் நீச்சல் குளம். மாரிக்காலத்தில் குளத்தின் மேல் பலகை பாவி நடனக்கூடம். பக்கவாத்தியம் வாசித்தது ஒரு ராணுவ பாண்டு. அது ஹானோவர் மன்னர் பெயர் தாங்கிய 42-வது காலாட்படையைச் சேர்ந்தது. அந்த மன்னரோ அதே யுத்தத்தில் ராஜ்யத்தை இழந்தவர். ராஜ்யம் போன ராஜாவின் பெயரால் ஒரு பாண்டு, தண்ணீரை மூடிய பலகை, சந்தோஷமாக இருக்கச் சொல்லும் போலீஸ் குமாஸ்தாவின் பாட்டு! ஸ்ட்ராஸ் அங்கே இல்லை. அரண்மனையில் வாசிக்கப் போயிருந்தார். கைதட்டல் கிடைத்தது. மறுபடி ஒரு தடவை பாடச் சொன்னார்கள். அவ்வளவோடு முடிந்தது. அவருடைய புது வால்ட்ஸுக்கு அது சுமாரான வரவேற்புத்தான். வால்ட்ஸ் போனால் போகட்டும், அதன் முடிவுப் பகுதிக்காகத்தான் வருத்தப்படுகிறேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, அந்த முடிவுப் பகுதியை நாம் மறந்துவிடக் கூடாது.

மார்ச் மாதத்தில் பாட்டை நீக்கி வாத்தியத்துக்கு மட்டும் வாசித்தார்கள். கோடையில் பாரிஸ் நகரத்துச் சர்வதேசப் பொருட்காட்சிக்குப் போன ஸ்ட்ராஸ் இதை அங்கே வாசித்தார். பிறகு உலகம் முழுவதும் போயிற்று. சந்தோஷமாக இருங்கள் என்று வார்த்தையில் சொன்னபோது ஊர் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போனது. வார்த்தை போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது என்ன விஷயம் என்று இசைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

வால்ட்ஸ் மூன்று தட்டில் சுழலும் ஜோடி நடனம். திஸ்ரம் என்று சொன்னால் நமக்குப் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி எண்ணிக்கையில் அடங்காது. வியன்னா வாத்தியக்காரர்கள் இரண்டாவது தட்டைக் கொஞ்சம் முந்தியே போட்டுவிடுவார்கள். மூன்றாவது சற்றே தயங்கி வரும். அந்த அவசரமும் தயக்கமும் சேர்ந்துதான் ஆடுகிறவரைத் தூக்கி இறக்குகிறது. கணக்காக வாசித்தால் உயிர் போய்விடும்.

இந்த வால்ட்ஸ் தொடங்கும்போது நடனமே இல்லை. வயலின்கள் மிக மெல்ல நடுங்குகின்றன. அந்த நடுக்கத்துக்கு அடியில் ஹார்ன் என்ற கொம்பு வாத்தியம் மூன்று ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி வைக்கிறது. ஊதுகுழல்கள் அதற்குச் சின்னதாகப் பதில் சொல்கின்றன. விடிகாலையில் எதிர்க்கரை தெரியாத மூட்டத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது. கொஞ்சம் வேகம் பிடிக்கிறது; மறுபடி அடங்குகிறது. பிறகுதான் முதல் வால்ட்ஸ். கொம்பு கூப்பிட்ட அதே மூன்று ஸ்வரங்கள்தான் இப்போது நடனமாக வருகின்றன. ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம். இதைவிட எளிமையாக ஒரு மெட்டு ஆரம்பிக்க முடியாது. ஒரே ஒரு ஊரிலே என்று பாட்டி தொடங்குவதுபோல் தொடங்குகிறது. உயரத்தில் இரண்டு சின்னத் தட்டல்கள் 'ம்' கொட்டுகின்றன. அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவையும் கடைசி அடி மாத்திரம் சற்று மாறி, மெல்ல ஏறி, மேல் ஸட்ஜத்தைத் தொடுகிறது.

இதில்தான் அவருடைய சாமர்த்தியத்தைப் பார்க்கிறேன். முதல் வால்ட்ஸ் வரும்போது அது புதிதாகக் கேட்பதில்லை. மூட்டத்தில் ஏற்கெனவே கேட்ட குரல் அது. ஆகவே அந்தச் சந்தோஷம் வாசலில் வந்து நிற்கும்போதே நினைவில் உள்ள சந்தோஷமாக வந்து நிற்கிறது. எங்கேயோ இதை அனுபவித்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் ஆட ஆரம்பிக்கிறோம்.

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வால்ட்ஸ்கள். எல்லாம் சம உயரம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது நல்ல தொழிலாளி செய்த நல்ல சாமான். அதற்கு மேல் இல்லை. நாலாவது இனிமையாகக் குழைகிறது. ஐந்தாவது கூடத்தை நிரப்பிச் சுழல்கிறது. தவணைக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும், எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி அமையாது என்று. கடைசி அத்தியாயத்தில்தான் அவன் யார் என்பது தெரிந்துபோகும்.

அந்த முடிவுப் பகுதிக்கு வருகிறோம். ஆடிய மெட்டுக்களில் சில மறுபடி தலைகாட்டுகின்றன. நாலாவது வால்ட்ஸ் ஒரு தடவை மனம் விட்டுப் பேசுகிறது. பிறகு, எல்லாம் ஓய்ந்தாற்போல், அந்த முதல் மெட்டு வருகிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிற வீட்டில் கடைசியாக ஒருவர் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. மெட்டு முடிகிறதா? முடிவதற்குள் வெட்டுப்படுகிறது. வேகம் பாய்கிறது, சின்ன முரசு உருள்கிறது, பளபளவென்று முத்தாய்ப்பு. ஜனங்கள் எழுந்து கைதட்டுகிறார்கள். கண்ணில் தண்ணீர் வர இருந்த நேரத்தில் சட்டென்று சிரித்துவிட்டு எழுந்து காபி கொண்டுவரப் போகிற பெண்களை நாம் பார்த்ததில்லையா? அந்த மாதிரி முடிவு இது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இதே நதியின் பெயரில் வந்த இன்னொரு வால்ட்ஸைக் கேட்கலாம். ருமேனிய ராணுவ பாண்டு மாஸ்டர் இவனோவிச்சி 1880-ல் வெளியிட்ட 'டான்யூப் அலைகள்'. ஆரம்பத்திலேயே சோகம் தொனிக்கும் மெட்டு. கேட்ட மாத்திரத்தில் நெஞ்சைப் பிடிக்கும். நல்ல மெட்டுத்தான். ஆனால் துக்கத்தைத் துக்கம் என்றே சொல்லிவிடுகிறது. சொல்லிய பிறகு அதற்கு வேறு வேலை இல்லை. ஸ்ட்ராஸ் ஓரிடத்தில்கூட அழவில்லை. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, சிரித்த முகத்தோடு ஆடுகிறார். தோற்றுப்போன ஓர் ஊர் அப்படித்தான் ஆடியிருக்க முடியும். கனமான சங்கீதத்துக்குப் பெயர்போன பிராம்ஸ், ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண்மணி ஒருவரின் விசிறியில் இந்த வால்ட்ஸின் முதல் ஸ்வரங்களை எழுதி, இது என்னுடையது அல்லவே என்று வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டாராம். மெல்லிசை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த விசிறியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு மறு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்த கலைக்கு ஒரு பலவீனம் உண்டு. யார் கூப்பிட்டாலும் போய்விடும். 1872-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சமாதான விழாவுக்கு அழைத்தார்கள். இருபதாயிரம் பேர் கொண்ட பாடகர் கூட்டம், அதற்கேற்ற ராட்சச வாத்திய கோஷ்டி. ஸ்ட்ராஸும் போய் நடத்திக் கொடுத்தார். அது வேடிக்கை என்று விட்டுவிடலாம். அடுத்தது வேடிக்கை அல்ல. இன்று உலகம் முழுவதும் புது வருஷத்தன்று பார்க்கிற வியன்னா பில்ஹார்மானிக் கச்சேரி, ஹிட்லர் ஆட்சியில் 1939 டிசம்பர் 31-ல் பிறந்தது. வசூல் நாஜிக் கட்சியின் குளிர்கால நிவாரண நிதிக்குப் போயிற்று. ஸ்ட்ராஸ் குடும்பத்தின் மெட்டுக்களே அந்தக் கச்சேரியின் உயிர். அதே கோஷ்டியிலிருந்து யூதர் என்பதற்காக 1938-ல் வெளியேற்றப்பட்ட வித்வான்களில் ஐந்து பேர் முகாம்களில் மாண்டார்கள். இரண்டு பேர் வியன்னாவிலேயே இறந்தார்கள். ஸ்ட்ராஸின் கொள்ளுத்தாத்தா யூதராகப் பிறந்து மதம் மாறியவர். 1762-ல் அவருக்குக் கல்யாணம் நடந்ததைச் சொல்லும் மாதாகோயில் பதிவேட்டை நாஜிகள் எடுத்துப் போய், அந்தப் பதிவு இல்லாத பிரதி ஒன்றைச் செய்துவைத்தார்கள். மெட்டு வேண்டும், மெட்டுப் போட்டவரின் ரத்தம் வேண்டாம்! ஜனங்களை மறக்க வைக்க இந்த இனிமை பயன்பட்டது என்பதை இதன் ரஸிகர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் 1945-ல் ஆஸ்திரியா மறுபடி குடியரசாக எழுந்தபோது பாடுவதற்கு ஒரு தேசிய கீதம் இல்லை. அந்த இடத்தில் ஒலித்ததும் இந்த வால்ட்ஸ்தான். மறுபடியும் தோற்று, இந்தத் தடவை வெட்கப்படவும் காரணம் இருந்த ஒரு நாட்டுக்கு, பழைய ஒரு தோல்விக்குப் பின் எழுதிய நடனம் துணைக்கு வந்தது. 1968-ல் ஸ்டான்லி குப்ரிக் தம் திரைப்படத்தில் ஆகாயக் கப்பல்களை இதற்குச் சுழலவிட்டார். ஸ்ட்ராஸ் பிறந்து இருநூறாவது ஆண்டில், 2025 மே 31 அன்று, ஸ்பெயின் தேசத்து ஆன்டெனா ஒன்றிலிருந்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் இதை வாயேஜர் 1 இருக்கும் திசையில் ரேடியோ அலையாக அனுப்பினார்கள். வாயேஜர் பதிலுக்கு ஆடப் போவதில்லை. என்றாலும் மனிதர்கள் தங்களைப் பற்றி ஒரு சொல் அனுப்ப நினைத்தபோது, நீச்சல் குளத்தின் மேல் பலகை போட்டு ஆடுவதற்காகச் செய்த சரக்குக் கைக்குக் கிடைத்திருக்கிறது.

தவணைக்கு எழுதியது, கேட்டவர்களுக்காக எழுதியது, சந்தோஷப்படுத்த எழுதியது. இவை மூன்றும் குற்றம் என்றால் ஸ்ட்ராஸ் குற்றவாளிதான். ஆனால் கொடுத்த சட்டத்துக்குள், கேட்டவர்கள் கேட்காத ஒன்றையும் அவர் வைத்துக் கொடுத்தார். முன்னுரையில் ஒரு தயக்கம். முடிவில் ஒரு திரும்பிப் பார்த்தல். ஆடுகிறவர்களுக்கு அவை இரண்டும் தேவையே இல்லை. ஒன்று ஆடத் தொடங்குமுன் வந்துவிடுகிறது. மற்றது ஆடி முடித்த பிறகு வருகிறது. தாத்தாவை வாங்கிக்கொண்ட நதி, அடுத்த ஆண்டுகளில் வழி மாறப்போகிற நதி, ஒருநாளும் நீலமாக இராத அந்த நதி, அந்த இரண்டு இடங்களில்தான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை ரேடியோவில் வரும்போது, மெட்டு வருகிற வரையில் பேசிக்கொண்டிருக்காமல், வயலின்கள் நடுங்கும் அந்த முதல் நிமிஷத்தையும் கேட்டுப் பாருங்கள்.